திருமுழுக்கும் பள்ளிச் சேர்க்கையும்

இங்கிலாந்தில் அரசின் பொருளுதவியுடன் இயங்கும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகள் தங்கள் சபைப் பிள்ளைகளையே சேர்க்கும் என்பது பலரது எண்ணம். உண்மை அதுவன்று. இடம் எஞ்சியிருப்பின், விண்ணப்பித்த எவரையும் சமயங்கருதி மறுக்க அவற்றிற்கு உரிமையில்லை. விண்ணப்பங்கள் இடங்களை விஞ்சும்போதே சமய முன்னுரிமை செல்லும். அப்பொழுதும் உள்ளாட்சியின் பராமரிப்பிலுள்ள கத்தோலிக்கப் பிள்ளைகளே முதலிடம் பெறுவர். திருமுழுக்குச் சான்றிதழே பெரும்பாலும் அளவுகோல்.

இறையியல் வினா இங்கேதான் எழுகிறது. கிருபையின் அடையாளம் பள்ளியின் நுழைவுச்சீட்டாகலாமா? அயர்லாந்து 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் இம்முன்னுரிமையை நீக்கியது. உயர்நிலைப் பள்ளிகளைத் தொடவில்லை. அங்குச் சிறுபான்மையினரான புராட்டஸ்டண்டு சபையாரின் தொடக்கப் பள்ளிகளுக்கோ, அவர்தம் மரபு அழியாதிருக்க, அதனை விட்டுவைத்தது. ஆகவே இது கத்தோலிக்கரை மட்டும் நோக்கிய வினாவன்று. சான்றிதழில் கையொப்பமிடும் போதகர் ஒவ்வொருவரும் விடைகூறக் கடமைப்பட்டுள்ளனர்.