அரையாண்டு லீவில் வியன்னா: கிளம்பும் முன் கவனிக்க!
காரிமங்கலத்தில் மார்கழிப் பனிக்கே போர்வை தேடுகிறோம். டிசம்பர் மாத வியன்னாவில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். குளிர் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே இருக்கும். தெர்மல் உள்ளாடை, கையுறை, வழுக்காத ஷூ அவசியம்.

புகழ்பெற்ற நகர மன்றச் சதுக்கக் கிறிஸ்துமஸ் சந்தை 26-ம் தேதியோடு முடிந்துவிடும். அரையாண்டுத் தேர்வு முடிந்து கிளம்புபவர்களுக்கு அது கிடைப்பது சிரமம். ஆனாலும் கவலை வேண்டாம். டிசம்பர் 31 நள்ளிரவில் ஸ்டீபன் பேராலய மணி ஒலித்ததும், தெருவிலேயே வால்ட்ஸ் நடனம்தான்!

ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்ப வராது. அதனால் விமான டிக்கெட்டும் ஹோட்டலும், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைப்பதாகவே இருக்கட்டும். விமானம் ஏற நமக்குச் சென்னையைவிட பெங்களூருதான் பக்கம்!