திரை சிறிதாயினும் செய்யுள் சிதையாமை

கொரோனாப் பெருந்தொற்றினால் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. அப்பொழுது வெள்ளவத்தையில் என் இல்லத்திலிருந்து, மேசைக் கணினியில் யாப்பிலக்கணப் பாடமொன்றை இணையப் பக்கமாக அமைத்து மாணவர்க்கு அனுப்பினேன். நாலடி வெண்பா ஒன்று அதிலே செவ்வனே நின்றது. மறுநாள், கொட்டாஞ்சேனையில் வதியும் மாணவனொருவன், “ஐயா, இஃது ஏழடியால் வந்த பஃறொடை வெண்பாவோ?” என வினவினான். முதலிற் சினந்தேன். அவனுடைய தாயாரின் கைத்தொலைபேசியில் அப்பக்கம் தோன்றியவாற்றைப் படமாக அனுப்பியபோது நாணினேன். நாற்சீரடி மூன்றும் ஒடுங்கிய திரையில் இடங்கொள்ளாது இவ்விரண்டாய் முறிந்திருந்தன. முச்சீரான ஈற்றடி மாத்திரம் முறியாது நின்றது. அவன் கண்டவாறே எண்ணினான். பிழை என்னுடையது.

ஒரே பக்கம் பெருந்திரையிலும் சிறுதிரையிலும் செம்மையாய் விளங்குமாறு அமைப்பது எங்ஙனம் என அன்று தொடங்கிக் கற்றேன். கற்றவற்றுட் சிலவற்றை ஈண்டுக் கூறுவல்.

தொடுதிரைத் தொலைபேசிகள் பரவத் தொடங்கிய காலத்தில், கணினிக்கு ஒரு தளமும் தொலைபேசிக்கு வேறொரு தளமுமாக இரண்டு செய்யும் வழக்கம் இருந்தது. ஒன்றைத் திருத்தியவர் மற்றொன்றை மறப்பர். 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் ஈதன் மார்க்கொற் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் எழுதிய கட்டுரையொன்று புதுவழி காட்டிற்று. அந்நெறியின் உறுப்புக்கள் மூன்று: பத்திகளின் அகலத்தை நிலையான அளவாற் கூறாது, திரையின் நூற்றுவீதமாகக் கூறல், படங்கள் தம்மைக் கொண்ட பத்தியின் அகலத்தை விஞ்சாதிருத்தல், திரையின் அகலத்தை வினவி, அதற்கேற்ற விதிகளை ஏவல். இவற்றோடு, ‘திரையின் உண்மை அகலத்தையே கொள்க’ என்னும் கட்டளையொன்றைப் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதுதல் வேண்டும். இன்றேல், தொலைபேசி அதனைக் கணினிப் பக்கமெனக் கருதி முழுவதையும் சுருக்கிக் காட்டும்; எழுத்துக்கள் எறும்பளவாகும்.

இது தமிழர்க்கு முற்றும் புதிதன்று. ஏடெழுதிய நம் முன்னோர் செய்யுளை அடியடியாகப் பிரித்திலர். ஓலையின் நீளத்துக்கு இயையத் தொடர்ந்தெழுதினர். அடியெல்லையை அறிந்தது படிப்போனுடைய செவி. அச்சு வந்தபின்னரே அடிகள் தாளில் நிலைபெற்றன. இன்று திரை மீண்டும் ஓலையாயிற்று; மாணாக்கரோ கண்ணாற் கற்கின்றனர்.

அங்ஙனமாயின் அச்சுத்தாளைப் படம்பிடித்து அப்படியே இடலாகாதோ எனின், அடி முறியாது. ஆனால் படிப்பவன் வரிதோறும் தாளை இடமும் வலமும் இழுத்து உழல்வான். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட நெறிகள், 320 படப்புள்ளி அகலத்திலும், பக்கத்தைக் கீழ்நோக்கி மாத்திரம் நகர்த்திப் படித்தல் இயலவேண்டும் என்கின்றன. நிலப்படம், அட்டவணை போல்வனவற்றுக்கு விலக்கும் தருகின்றன.

ஆகலின், உரைநடை திரைக்கேற்ப ஒழுகட்டும். செய்யுளின் அடியெல்லை நிலைக்கட்டும். இதற்கென, சீ.எஸ்.எஸ். என்னும் வடிவ விதிமொழியில் இரண்டு விதிகள் எழுதினேன்: அடி முழுவதற்கும் இடப்புறத்தே வெளி விடுதல், அவ்வடியின் முதல் வரிக்கு மாத்திரம் அவ்வெளியை நீக்குதல். புதிய அடி ஓரத்திலே தொடங்கும். முறிந்த சீர் உள்ளடங்கி நிற்கும். அம்மாணவன் மீண்டும் எண்ணி, “நான்கு” என்றான்.

தமிழுக்கு வேறும் இரண்டு கவனங்கள் உள. எழுத்தின் மேலே புள்ளியும் விலங்கும், கீழே உகரச் சுழியும் வருதலின், வரிகளிடையே ஆங்கிலத்தினும் மிகுந்த வெளி வேண்டும். நெடுஞ்சொற்கள் மலிதலின், ஒடுங்கிய திரையில் இருகரையையும் நேராக்கினால் சொற்களிடையே பெருவெளி விழும்; இடக்கரை மாத்திரம் நேராதல் போதும்.

இம்மலர் ஒருநாள் இணையத்தில் ஏறுமாயின், ரொறன்ரோவிலுள்ள பழைய மாணவர் அதனை அகன்ற திரையிற் காண்பர். கொட்டாஞ்சேனைச் சிறுவனோ, தாயார் வேலை முடிந்து வீடு வந்தபின், அவருடைய கைத்தொலைபேசியிலே காண்பான். ஏற்றுவோர் முதலில் அச்சிறு திரையிலே பார்த்தல் வேண்டும். அங்கே செம்மையுற்றதைப் பெருந்திரைக்கு விரித்தல் எளிது.