டிஃப் லாக் விட மாட்டேங்குதா? ஹைவே ஏறும் முன் இதைச் செய்யுங்க!

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மண் பாதையில் ஓட்டிவிட்டு தேசிய நெடுஞ்சாலை 44-க்குத் திரும்புறீங்க. டிஃப் லாக்கை ஆஃப் செய்தும் டேஷ்போர்டு விளக்கு அணையவில்லையா? அப்படியே ஹைவே ஏறிடாதீங்க.

ஏன் சிக்குது?

வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சமாளிப்பதுதான் டிஃபரன்ஷியல். லாக் போட்டால் இரு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். சேற்றில் அது வரம். கெட்டித் தரையில் திரும்பினாலோ ஆக்சிலில் முறுக்கு ஏறி, லாக்கின் பற்கள் இறுகிவிடும். குவாரி டிப்பரோ, முன்னும் பின்னும் லாக் உள்ள ஃபோர்ஸ் கூர்க்காவோ, கதை ஒன்றுதான்.

எப்படி விடுவிப்பது?

லாக்கை ஆஃபில் வைத்து, ஆளில்லாத மண் தரையில் சில மீட்டர் நேராக, மெதுவாக முன்னே போங்கள். பிறகு பின்னே வாங்க. ஸ்டீயரிங்கை லேசாக இடம், வலம் திருப்புங்கள். முறுக்கு தளர்ந்தால் விளக்கு அணையும்.

அப்பவும் அணையலைன்னா?

கேபிள், ஸ்பிரிங் அல்லது விளக்கு சுவிட்ச் பழுதாகியிருக்கலாம். மெக்கானிக்கை வரவழைங்க. 'வேகமா போனா தானா விட்டுரும்' என்று நம்ப வேண்டாம். லாக் விழுந்த வண்டி, வளைவில் திரும்பாமல் நேராகவே இழுக்கும்.