மணிக்கும் ஒரு கடவுச்சீட்டு

வெளிநாட்டில் பணி கிடைத்துக் குடும்பத்தோடு புறப்படுவோர் எழுதும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். விசா, விமானச் சீட்டு, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி, வங்கிக் கணக்கு என்று அது நீளும். வீட்டில் நாய் இருந்தால் அதன் பெயர் பெரும்பாலும் கடைசி வரியில், ஒரு கேள்விக்குறியுடன் நிற்கும். ஐரோப்பாவுக்குச் செல்வோரைப் பொறுத்தவரை அந்த வரி முதலிடத்திற்கு வர வேண்டும். மனிதருக்கான விசா விரைவில் கிடைத்தாலும் கிடைக்கலாம். நாய்க்கு விதிக்கப்பட்ட காத்திருப்பை எந்த அலுவலகத்தாலும் குறைக்க இயலாது.

மும்பையில் வசித்த எங்கள் குடும்பம், போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனை அடுத்த கார்கவேலோஸ் என்னும் கடற்கரை ஊரில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்தது. எங்களில் ஒருவருக்கு அங்கே பணி. மற்றவர் வங்கிப் பணியிலிருந்து நீண்ட விடுப்புப் பெற்று, மகளுடன் சென்றவர். நான்காவது உறுப்பினர் மணி. தெருவிலிருந்து குட்டியாக வீட்டிற்கு வந்த நாட்டு நாய். அப்போது எட்டு வயது, பதினெட்டு கிலோ எடை.

“இந்த வயதில் அதை ஏன் அலைக்கழிக்க வேண்டும்? யாரிடமாவது விட்டுச் செல்லுங்கள்” என்று உறவினர் பலரும் கூறினர். அது நியாயமற்ற பேச்சன்று. ஆனால், எட்டு வயது நாட்டு நாயை மனமுவந்து ஏற்றுக்கொள்ள யாரும் முன்வரவில்லை. ‘யாரிடமாவது’ என்ற சொல்லுக்கு உரியவர் கடைசிவரை கிடைக்கவே இல்லை. ஆகவே உடன் அழைத்துச் செல்வது என்று முடிவு செய்தோம். அந்த முடிவைத் தொடர்ந்து நாங்கள் அறிந்துகொண்டவை, இதே நிலையில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

நாட்காட்டியை முடிவு செய்வது நாய்

வெறிநாய்க்கடி நோயைக் கருத்தில் கொண்டு, ஐரோப்பிய ஒன்றியம் சில நாடுகளுக்கு மட்டும் எளிய விதிகளை வகுத்துள்ளது. அப்பட்டியலில் இந்தியா இல்லை. எனவே இங்கிருந்து செல்லும் நாய் ஒவ்வொன்றும் நான்கு படிகளைக் கடக்க வேண்டும்.

முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும். அதன் பின்னரே வெறிநோய்த் தடுப்பூசி. சிப் பொருத்துவதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் சேராது; ஆண்டுதோறும் தவறாமல் ஊசி போடப்பட்ட நாயானாலும் இந்த வரிசையே செல்லும். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாட்கள் கழித்து இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்புதல் பெற்ற ஆய்வகத்திற்கு அனுப்ப வேண்டும். நோய் எதிர்ப்புப் பொருளின் அளவு ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 சர்வதேச அலகிற்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் கடந்த பிறகே ஐரோப்பிய மண்ணில் நாய் கால்வைக்க முடியும். ஆக, எல்லாம் சரியாக அமைந்தாலும் நான்கு மாதங்கள். அளவு குறைந்துவிட்டால் மீண்டும் ஊசி, மீண்டும் பரிசோதனை, மீண்டும் காத்திருப்பு.

பணியில் சேர வேண்டியவர் இதற்காகக் காத்திருக்க இயலவில்லை. அவர் முதலில் புறப்பட்டார். மற்ற மூவரும் மும்பையில் தங்கினோம். ஆய்வக முடிவு கைக்கு வரும்வரை விமானச் சீட்டு வாங்கவில்லை. மணியின் அளவு போதுமானதாக இருந்தது என்ற செய்தி வந்த அன்றுதான் மகள் தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

பயண வாரத்தில் வேலை மீண்டும் குவியும். ஐரோப்பிய ஒன்றியம் கேட்கும் உடல்நலச் சான்றிதழில் அரசுக் கால்நடை அதிகாரியின் ஒப்பம் வேண்டும். அது வழங்கப்பட்ட நாளிலிருந்து 10 நாட்களுக்குள் அங்கே சென்று இறங்கியாக வேண்டும். இந்தியாவில் இப்பணியை விலங்கு நோய்த்தடுப்பு மற்றும் சான்றளிப்பு நிலையங்கள் கவனிக்கின்றன. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் முதலிய நகரங்களில் அவை உள்ளன. லிஸ்பன் விமான நிலையத்திற்கு 48 மணி நேரத்திற்கு முன்பே தகவல் தர வேண்டும். உடைமையாளரின் பயணத்திற்கு ஐந்து நாள் முன்னோ பின்னோ நாய் பயணம் செய்தால்தான் அது சொந்தப் பயணமாகக் கருதப்படும். தவறினால் வணிகச் சரக்குக்குரிய விதிகள் வந்து சேரும்.

மணியின் அளவுள்ள நாய் விமானத்தின் சரக்குப் பகுதியில், கூண்டில்தான் பயணம் செய்ய வேண்டும். அது தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் கூண்டில் இடம் இருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதைக் கால்நடை மருத்துவர்கள் ஆதரிப்பதில்லை. உயரத்தில் அது மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பாதிக்கக்கூடும். மாறாக, இரண்டு மாதங்களுக்கு முன்பே கூண்டை வீட்டுக் கூடத்தில் வைத்து, உணவை அதற்குள் வைத்தோம். புறப்படும் வாரத்தில் மணி தானாகவே அதற்குள் சென்று உறங்கியது. நாங்கள் செய்த ஏற்பாடுகளில் மிகுந்த பலன் தந்தது இதுவே.

வீடும் ஒப்பந்தமும்

முன்னே சென்றவரின் முதல் வேலை வரி அடையாள எண் பெறுவது. போர்ச்சுகலில் அதை ‘நிஃப்’ என்கிறார்கள். நம் பான் எண்ணைப் போன்றது. அது இல்லாமல் வாடகை ஒப்பந்தமோ வங்கிக் கணக்கோ நடவாது. வீட்டு விளம்பரங்களில் ‘டி-2’ என்றிருந்தால் இரண்டு படுக்கையறை என்று பொருள்.

கடலைப் பார்த்த வீடுகள் பல இருந்தன. நாய் உண்டு என்றதும் சில உரிமையாளர்கள் தொலைபேசியை நாகரிகமாக வைத்துவிட்டனர். ஒருவர் வாய்மொழியாக இசைந்தார். ஒப்பந்தத்தில் எழுத மறுத்தார். அந்த வீட்டை விட்டுவிட்டோம். வாடகை வீட்டில் நாய் வளர்க்க உரிமையாளர் தரும் இசைவு எழுத்தில் இருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது விதிகளையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். முன்வைப்புத் தொகை இரண்டு மாத வாடகைக்கும், முன்கூட்டிச் செலுத்தும் வாடகை இரண்டு மாதத்திற்கும் மிகாதபடி அந்நாட்டுச் சட்டம் வரம்பு கட்டியுள்ளது. உரிமையாளர் ஒப்பந்தத்தை வரித் துறையில் பதிவு செய்வதையும் உறுதி செய்துகொள்வது நல்லது.

இறுதியில் கிடைத்தது இரண்டாம் மாடி வீடு; கடல் சமையலறையிலிருந்து ஒரு கீற்றாகத்தான் தெரியும். உரிமையாளர் அம்மையார் வீட்டைச் சுற்றிக் காட்டியபோது, அவர் சொன்ன சொற்களில் பாதி எங்களுக்குப் பழகியவையாக இருந்தன. ஜனேலா என்றார், அது நம் ஜன்னல். ஷாவ் என்று கையில் கொடுத்தது சாவி. அர்மாரியு அலமாரி, மேசா மேசை, வராண்டா வராந்தாவேதான். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்து தமிழில் குடியமர்ந்துவிட்ட சொற்கள் அவை. 1497-இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கடலுக்குள் சென்ற டேகஸ் ஆற்றின் முகத்துவாரம் எங்கள் ஊரின் எல்லையில்தான் இருக்கிறது. அந்த முகத்துவாரத்தைக் காக்கும் பழைய கோட்டை, கார்கவேலோஸ் மணற்பரப்பின் கிழக்கு முனையில் நிற்கிறது.

கடலோர வாழ்வின் மறுபக்கம்

அரபிக்கடலோரம் வாழ்ந்தவர்களுக்கு அட்லாண்டிக் புதிது. கோடையிலும் நீர் குளிர்ந்தே இருக்கும். பிற்பகலில் ‘நோர்த்தாடா’ என்னும் வடகாற்று மணலை வாரி வீசும். மழை குளிர்காலத்தில் பெய்கிறது. பழைய வீடுகள் பலவற்றில் மையச் சூடேற்றும் வசதி இல்லை. சுவர்களில் ஈரம் ஏறி, அலமாரியின் பின்புறம் பூஞ்சணம் படரும். ஈரப்பதத்தை உறிஞ்சும் கருவி ஒன்று அங்கே குளிர்சாதனப் பெட்டியைப் போல இன்றியமையாதது. மணிக்கு மூட்டு வலி தொடங்கியதும் அதன் படுக்கையைத் தரையிலிருந்து உயர்த்தி, அந்தக் கருவிக்கு அருகே போட்டோம்.

கடற்கரையில் வீடு என்பதால் நாய் நாளெல்லாம் மணலில் ஓடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. குளிக்கும் பருவமாக அறிவிக்கப்பட்ட கோடை மாதங்களில், உயிர்காப்பாளர் பணியில் உள்ள கடற்கரைகளில் நாய்களுக்கு அனுமதி இல்லை. உதவி நாய்களுக்கு மட்டுமே விலக்கு. கரையில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படித்த பிறகே இறங்க வேண்டும். கோடையில் நாங்கள் தெருக்களில் நடந்தோம். இலையுதிர் காலம் தொடங்கிய பின் மணல் மணிக்குக் கிடைத்தது.

இந்தியக் கால்நடை மருத்துவரிடம் கேள்விப்படாத இரண்டு ஆபத்துகளை அங்கே அறிந்தோம். ஒன்று, மணல் ஈயால் பரவும் லீஷ்மேனியா நோய். அதைத் தடுக்கப் பூச்சி விரட்டும் கழுத்துப்பட்டையும் தடுப்பூசியும் உண்டு. மற்றொன்று, பைன் மரங்களில் கூடு கட்டும் ஒருவகைக் கம்பளிப்புழு. குளிர்கால இறுதியிலும் வசந்தத்திலும் அவை வரிசையாகத் தரையில் ஊர்ந்து செல்லும். நாய் முகர்ந்தாலோ நக்கினாலோ அதன் உரோமங்கள் நாக்கையே அழுகச் செய்யக்கூடும். உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அம்மாதங்களில் பைன் மர நிழலை விட்டு விலகி நடப்பதை அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர்தான், முதல் வாரத்திலேயே, கைச்சைகையால் எங்களுக்கு விளக்கினார். அவர் கையில் ஒரு கிழ நாயின் கயிறு இருந்தது. எங்கள் போர்ச்சுகீசியப் பாடம் அவரிடமிருந்தே தொடங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாய் இல்லாமல் சென்றிருந்தால் முதல் ஆண்டை வீட்டுக்குள்ளேயே கழித்திருப்போம். மழையானாலும் காற்றானாலும் மூன்று வேளை கீழே இறங்கியாக வேண்டிய கட்டாயம், ரொட்டிக் கடைக்காரரையும் மருந்துக் கடைப் பெண்மணியையும் எங்களுக்கு அறிமுகப்படுத்தியது. எங்கள் பெயர்களை உச்சரிக்கச் சிரமப்பட்டவர்கள் மணியின் பெயரை இரண்டாம் நாளே கற்றுக்கொண்டனர்.

பதிவும் சட்டமும்

சென்று சேர்ந்ததும் உள்ளூர்க் கால்நடை மருத்துவர் மூலம் நாட்டின் செல்லப்பிராணிப் பதிவேட்டில் சிப் எண்ணைப் பதிய வேண்டும். பிறகு ‘ஜுண்ட்டா’ எனப்படும் வட்ட மன்றத்தில் உரிமம் பெற்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மருத்துவர் வழங்கும் ஐரோப்பியச் செல்லப்பிராணிக் கடவுச்சீட்டு நீல நிறச் சிறு புத்தகம். மகள் அதை எங்கள் கடவுச்சீட்டுகளோடு ஒரே உறையில் வைத்தாள்.

நகர்ப்புற வீட்டில் மூன்று நாய்கள் அல்லது நான்கு பூனைகள் வரையே பொதுவாக வளர்க்கலாம். ராட்வைலர் உள்ளிட்ட ஏழு இனங்கள் ஆபத்துக்கு வாய்ப்புள்ளவை எனப் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றிற்குத் தனி உரிமமும் பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும் குரைப்புக்குக் காவல் துறை வரலாம். மறுபுறம், 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லப்பிராணியைத் துன்புறுத்துவதும் கைவிடுவதும் குற்றம். 2017-இலிருந்து விலங்குகள் சட்டத்தின் பார்வையில் வெறும் பொருட்கள் அல்ல, உணர்வுள்ள உயிர்கள்.

பணத்திற்கான ஏற்பாடு

நாய்க்கான செலவை வீட்டுச் செலவோடு கலக்காமல் தனியே கணக்கிடுவது நல்லது. சிப், ஊசி, ஆய்வகக் கட்டணம், கூண்டு, விமானக் கட்டணம், சான்றிதழ் எனச் செலவுகள் நான்கைந்து மாதங்களில் பரவி வரும். முடிவு எடுத்த மாதத்திலேயே தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குவது கைகொடுக்கும்.

புறப்படும் முன், இந்தியாவில் வசிப்பவர் என்ற நிலையில், தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். வாடகை முன்வைப்பு இதில் அடங்கும். 2025 ஏப்ரல் 1 முதல், நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கே மூலத்தில் வரி வசூலிக்கப்படுகிறது; அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். பணி நிமித்தம் வெளிநாடு சென்று வசிக்கத் தொடங்கியதும் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டு வருவாயை இந்தியாவில் சேமித்துத் தடையின்றித் திரும்ப எடுத்துச் செல்ல என்.ஆர்.இ. கணக்கு உண்டு. பற்று அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவைத்தல், கடன் தவணைகளுக்கான நிலையான அறிவுறுத்தல், வாரிசு நியமனம் ஆகியவற்றைக் கிளையை விட்டுப் புறப்படுமுன் முடித்துவிட வேண்டும். போர்ச்சுகலில் 1985 முதல் இயங்கும் ‘முல்ட்டிபாங்கோ’ பண இயந்திரங்களில் மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் எல்லாம் செலுத்தலாம், யு.பி.ஐ. பழகிய கைகளுக்கு அது கடினமாக இராது.

திரும்பும் வழி

வெளிநாட்டு வாழ்வின் முடிவில்தான் பல நாய்கள் கைவிடப்படுகின்றன. ஒப்பந்தம் முடிகிறது, வீட்டைக் காலி செய்ய நாள் குறைவு, நாய்க்கு ஆவணம் இல்லை. ஆகவே செல்லும் வழியைத் திட்டமிடும்போதே திரும்பும் வழியையும் எழுதிவைக்க வேண்டும். வசிப்பிடத்தை இந்தியாவிற்கு மாற்றிக்கொண்டு திரும்புவோர், ஒருவருக்கு இரண்டு செல்லப்பிராணிகள் என்ற வரம்பிற்குள், நோய்த்தடுப்பு நிலையத்தின் தடையில்லாச் சான்றை முன்கூட்டியே பெற்று அழைத்து வரலாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பயணத்திற்கு ஆறு மாதம் முன்பு ஒருமுறையும், ஒரு மாதம் முன்பு மறுமுறையும் அவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மணி இப்போது மும்பையில் இருக்கிறது. பத்து வயதைக் கடந்துவிட்டது. மாடிப்படி ஏற உதவி வேண்டும். சிப் பொருத்திய நாளிலிருந்து திரும்பி வந்த நாள் வரை ஆன செலவை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறோம். புறப்படத் திட்டமிடும் வாடிக்கையாளர்கள் கிளையில் எங்களைக் கேட்டால், அந்தக் குறிப்பேட்டைக் காட்டத் தயங்கமாட்டோம்.