அயல் மண்ணில் தன் கையே தனக்குதவியா?

பெரிய கம்பனிகளில் கணினித் தொழில் செய்து கைநிறைய ஊதியம் பெறுகின்ற இளைஞர் சிலரிடம் அண்மைக் காலத்தில் ஒரு புதிய ஆசை தோன்றியிருக்கிறது. உத்தியோகத்தை உதறிவிட்டு, கடல் கடந்த ஏதேனும் ஒரு நாட்டில், மலைச்சாரலில் ஒரு துண்டுக் காணியைத் தேடிக்கொண்டு, தாமே வீடு கட்டி, தாமே பயிரிட்டு வாழ வேண்டும் என்பதே அந்த ஆசை. சென்னையிலும் கொழும்பிலும் இருப்போர் மட்டுமன்றி, இலண்டனிலும் தொரொன்ரோவிலும் குடியேறிய நம்மவரும் இதனைப் பேசுகின்றனர். பெற்றோர் கேட்டுத் திகைக்கின்றனர். நாற்காலியில் எட்டு மணி நேரம் இருக்க மாட்டாதவன் மண்வெட்டியை எத்தனை மணி நேரம் பிடிப்பான் என்று கேட்கும் தந்தையரும் உளர்.

தந்தையரின் கேள்வி நியாயமானதே. ஆனால் மண்வெட்டி பிடிப்பதைப் பழகிக்கொள்ளலாம். கை காய்த்துப் போனால் வலியும் போய்விடும். பழக்கத்தினால் தீராத கேள்விகள் வேறு இரண்டு இருக்கின்றன. அவன் காலூன்றும் நிலம் யாருடையது? அவனோடு சேர்ந்து உழைக்கப் போகும் கைகள் யாருடையவை? இவ்விரண்டுக்கும் விடை தேடப் பிற நாடுகளுக்குச் செல்ல வேண்டுவதில்லை. கண்டிக்குத் தென்கிழக்கே உயர்ந்து நிற்கும் ஹேவாஹெட்ட மலைகளுக்குச் சென்றாலே போதும்.

அம்மலைகளில் லூல்கந்துர என்னும் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அங்கே பழைய மரவீடு ஒன்றின் கல்லடுப்புப் புகைபோக்கி எஞ்சி நிற்கிறது. சற்றுத் தொலைவில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, கல்லால் அமைந்த ஓர் ஆசனமும் உண்டு. ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் அமர்ந்த ஆசனம் என்று அதனைக் காட்டுவார்கள். இலங்கையில் தேயிலையை வணிகப் பயிராக முதன்முதல் பயிரிட்டவர் என்று பாடப் புத்தகங்கள் கூறும் டெய்லர் இவரே. அவரைப் பற்றிப் புத்தகங்கள் கூறும் அந்த ஒரு வரியோடு நாமும் நின்றுவிடுகிறோம். அவர் வாழ்ந்த முறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், இன்றைய இளைஞரின் ஆசைக்கும் அவருக்கும் உள்ள உறவு விளங்கும்.

டெய்லர் 1835 இல் பிறந்தவர். தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். சிறு வயதிலேயே தாயை இழந்த அப்பையன், பதினாறு வயதில் ஒரு கோப்பித் தோட்டத்தில் உதவியாளனாகப் பணிபுரிய மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துக் கப்பலேறினான். சம்பளம் ஆண்டுக்கு நூறு பவுண். 1852 பெப்ரவரியில் கொழும்பில் இறங்கிச் சில வாரங்களுக்குள் லூல்கந்துர வந்து சேர்ந்தான். அதன் பின் நாற்பது ஆண்டுகள் அந்த மலையே அவருக்கு உலகமாயிற்று. பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பிச் செல்லவே இல்லை. நெடுநாள் விடுமுறை என்று அவர் எடுத்தது ஒரே முறை; அந்த விடுமுறையிலும் 1874 இல் டார்ஜிலிங் சென்று, அங்கே தேயிலை எவ்வாறு பயிராகிறது என்று பார்த்துவிட்டு வந்தார்! தொழிலோடு இவ்வளவு ஒன்றிவிட்ட மனிதரைப் பார்த்துப் பொறாமைப்படுவதா, இரங்குவதா என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது.

அவருடைய கைத்திறனைப் பற்றி ஐயமே இல்லை. கோப்பிக்கு அப்பாற்பட்ட பயிர்களை அவர் ஆர்வத்தோடு சோதித்தார். காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினாவைத் தருகின்ற சிங்கோனா மரத்தை வளர்த்தார். பேராதனைப் பூங்காவிலிருந்து கிடைத்த தேயிலை வித்துக்களை முதலில் பாதையோரங்களில் நட்டார். பின்பு 1867 இல் அசாம் இனத் தேயிலையைப் பத்தொன்பது ஏக்கரில் பயிரிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1869 இல், கோப்பி இலைகளிலே செம்மஞ்சள் நிறத்துத் துரு நோய் காணப்பட்டது. கோப்பித் துரைமார் பலரை அந்நோய் காலப்போக்கில் கடனாளிகளாக்கியது. டெய்லரிடமோ மாற்றுப் பயிர் வேரூன்றி நின்றது.

இலையைப் பறித்துவிட்டால் தேயிலை ஆகிவிடாது. கொழுந்தை வாட்ட வேண்டும். பிறகு உருட்டிப் பிசைய வேண்டும். அப்போது இலையின் நுண்ணறைகள் உடைந்து சாறு வெளிப்படும். அச்சாறு காற்றோடு கலந்து, பச்சை நிறம் மாறிச் செம்பு நிறமாகும். தக்க தருணத்தில் சூடேற்றி அம்மாற்றத்தை நிறுத்திவிட வேண்டும். ஒரு நாழிகை பிந்தினாலும் சுவை கெட்டுவிடும். இவ்வளவையும் செய்ய டெய்லரிடம் தொழிற்சாலை இருக்கவில்லை. தம் வீட்டு விறாந்தையையே தொழிற்சாலை ஆக்கினார். மேசைகளின் மேல் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையில் கையை அழுத்தி உருட்டச் செய்தார். களிமண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டுகளில் இலையை உலர்த்தினார். சில ஆண்டுகளில் உருட்டுவதற்கென ஒரு யந்திரத்தைத் தாமே அமைத்து, நீர்ச்சக்கரத்தால் அதனை இயங்க வைத்தார். சக்கரத் தச்சரின் மகன் அல்லவா? 1873 இல் லூல்கந்துரவிலிருந்து 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது.

இதுவரை கேட்ட நேயர், கணினியை விட்டு மண்ணுக்குச் செல்ல விரும்பும் இளைஞனுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி உண்டோ என்று நினைக்கக்கூடும். அந்த 23 இறாத்தலைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். ஓர் இறாத்தல் தேயிலைக்கு ஏறத்தாழ நாலரை இறாத்தல் பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே நூறு இறாத்தலுக்கு மேற்பட்ட கொழுந்தை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, விரல் நுனியால் கிள்ள வேண்டும். கிள்ளிய செடி பத்து நாட்களுக்குள் மீண்டும் துளிர்க்கும். மீண்டும் கிள்ள வேண்டும். அதற்கு முன்பே காடு வெட்டி, குழி தோண்டி, களை பிடுங்கி, கான் வெட்டியாக வேண்டும். பத்தொன்பது ஏக்கருக்கு ஒருவர் கை போதாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? விறாந்தை மேசையில் கொழுந்தை உருட்டிய முழங்கைகள் தமிழரின் முழங்கைகள்.

அவர்களும் அயல் மண்ணுக்கு வந்தவர்களே. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து, மழை பொய்த்த ஆண்டுகளில், கங்காணியின் சொல்லை நம்பிப் புறப்பட்டார்கள். தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து மாத்தளை நோக்கி ஏறத்தாழ 150 மைல் காட்டு வழியே நடந்தார்கள். பேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். எஞ்சி வந்தவர்கள் உழவும் கிணறு வெட்டும் தொழிலும் ஆடு மாடு வளர்ப்பும் அறிந்தவர்கள். தன் கையே தனக்குதவி என்னும் பழமொழிக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர் எவர்? ஆனால் அவர்கள் வந்து இறங்கும்போதே கடனாளிகள். பயணச் செலவும் முன்பணமும் அவர்கள் கணக்கில் எழுதப்பட்டன. அக்கடன் தொகையைக் குறித்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதானால், புதிய தோட்டத்துத் துரை அத்துண்டில் கண்ட கடனைத் தீர்த்தாக வேண்டும். மனிதன் கடனோடு சேர்ந்தே இடம் மாறினான். இந்தத் துண்டு முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே ஒழிந்தது.

நிலத்தின் கதை இதற்கும் முந்தியது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டு நிலத்தையும் தரிசு நிலத்தையும் முடிக்குரியவை என்று கொண்டது. கண்டிச் சீமைக் கிராமத்தவர் பரம்பரையாகச் சேனைப் பயிர் செய்தும் மாடு மேய்த்தும் வந்த மலைச்சரிவுகளுக்குப் பத்திரம் ஏது? தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு அந்நிலம் தோட்டக்காரர் கைக்குப் போயிற்று. அதிலே நெல்லும் தினையும் விளையவில்லை. உழைப்பவர் உண்ணும் அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. அவர்கள் பறித்த கொழுந்து இலண்டனுக்குப் போயிற்று. தன்னிறைவுக்கு நேர் எதிரான வாழ்வு ஒன்று உண்டென்றால் அது இதுவே.

சரி, டெய்லராவது தம் கைகளின் பயனை அனுபவித்தாரா? லூல்கந்துர அவருக்குச் சொந்தமானதன்று. சம்பளத்திற்கு அதனை நிருவகித்தவர் அவர். 1875 இல் இலங்கையில் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கரில் இருந்த தேயிலை, நூற்றாண்டின் முடிவில் நான்கு இலட்சம் ஏக்கரை நெருங்கியது. தொழில் பெருகப் பெருகத் தனி மனிதரின் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறின. எங்கோ இருந்துகொண்டு கணக்கைப் பார்ப்பவர்களுக்கு, மலைமேல் நாற்பது ஆண்டுகள் இருந்த கிழவர் வேண்டாதவரானார். 1892 இல் அவர் பதவியினின்று நீக்கப்பட்டார். வெளியேற மறுத்தார். அவ்வாண்டு மே மாதம் 2 ஆம் நாள், தம் ஐம்பத்தேழாம் வயதில், வயிற்று நோயால் அங்கேயே உயிர் நீத்தார். அவருடைய பேருடலைத் தோட்டத் தொழிலாளர் இருபத்து நால்வர், பன்னிருவராக இரு குழுவாய், மாறி மாறிச் சுமந்து கண்டி மகியாவை மயானம் வரை சேர்த்தார்கள். இன்று கம்பனி உத்தியோகத்தை வெறுத்து மலைக்கு ஓட விரும்பும் இளைஞன் இந்த மரணத்தை மறவாதிருப்பது நல்லது. உரிமையற்ற மலையில் எத்தனை திறமை இருந்தாலும், வேலை நீக்கக் கடிதம் அங்கேயும் தேடி வரும்.

இன்றைய சட்டங்களும் அந்த முதற் கேள்வியைக் கூர்மையாகவே கேட்கின்றன. இலங்கையில் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, வெளிநாட்டவர் காணியை விலைக்கு வாங்க இயலாது. 99 ஆண்டுகளுக்கு மேற்படாத குத்தகைக்கே பெறலாம். இந்தியாவிலோ வெளிநாட்டவர் மட்டுமன்றி, வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் தனி அனுமதியின்றி விவசாய நிலம் வாங்க முடியாது. விசா முடிந்தால் விதைத்தவன் அறுவடைக்கு இருக்க மாட்டான். புதுச்சேரிக்கு அருகே 1968 இல் தொடங்கிய ஆரோவில் நகரில் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். மழை அரித்துச் சென்ற செம்மண் மேட்டில், பல நாட்டவரும் அயற்கிராமத்துத் தமிழரும் வரப்புக் கட்டி, நீரைத் தேக்கி, மரம் நட்டுக் காடாக்கினார்கள். அந்நிலம் நட்டவர் எவருக்கும் தனிச் சொத்தன்று. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அறநிறுவனத்திற்கு உரியது. பொதுச் சொத்தாயினும் அதனை ஆள்வது யார் என்னும் வழக்கு அங்கும் எழாமலில்லை. ஆயினும் நட்ட மரத்தை ஒருவர் விற்றுவிட்டுப் போக முடியாது என்பது சிறிய காரியமன்று.

ஆகவே புறப்பட விரும்புபவர் முதலில் கற்க வேண்டியது காணிச் சட்டம். மண்வெட்டி பிடிப்பது அதற்குப் பிறகுதான். அவ்வூர் மக்களின் மொழியையும் கற்க வேண்டும். எந்த மாதம் மழை பெய்யும், எந்த ஊற்று வற்றாது, எச்சரிவு மண்சரிவுக்கு இலக்காகும் என்பவற்றை அறிந்தவர்கள் அவர்களே. அவர்களுக்குக் கொடுக்கும் கூலியைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். அயலார் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிட்டுத் தம் வாழ்வைத் தற்சார்பு என்று அழைப்பவர்கள் எந்நாட்டிலும் இருக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் எழுதப்படாதவர்களின் வழித்தோன்றல்களுக்கு நேர்ந்தது என்ன? 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா, சாஸ்திரி ஆகிய இரு பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டுமென முடிவாயிற்று. இலங்கையில் பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் காணாத பலருக்கு அது அயல் நாட்டுப் பயணமே. அவர்களிற் பலர் நீலகிரியில், தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில், தெரிந்த தொழிலையே மீண்டும் தொடங்கினார்கள். இலங்கையிலேயே தங்கியவர்களில் நாடற்றிருந்த எஞ்சியோருக்கும் குடியுரிமை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கிட்டியது. காணி கிட்டுவது அதனினும் மெதுவாகவே நிகழ்கிறது. லயத்துக்குப் பின்னால் கறிக்கோவா, போஞ்சி பயிரிடும் சிறு நிலமும் தோட்டத்தின் நிலமே. அண்மைக் காலத் தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என வகுக்கப்பட்டது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடியில் வீடு. மலைச்சரிவையும் பாதையையும் கானையும் கழித்த பின், ஐந்து தலைமுறையாக மண்ணோடு பழகிய அக்கைகளுக்கு வீட்டின் பின்புறம் நாலைந்து மிளகாய்ப் பாத்தியும் ஒரு வாழையும் வைக்க இடம் இருக்கிறது.