சாய்வைக் காட்டும் பலகை

பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர் பலர், "நேராகத்தான் நிற்கிறேன்" என்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்கோ சாய்வு பளிச்செனத் தெரியும். உடல் பாரம் பெரும்பாலும் நல்ல காலில்தான் இருக்கும்.

கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் அனுப்பும் சேதி ஆகிய மூன்றையும் மூளை கணத்துக்குக் கணம் கூட்டிப் பார்ப்பதால்தான் நாம் விழாமல் நிற்கிறோம். மூளை பாதிக்கப்பட்டால் அந்தக் கணக்கு பிசகிவிடும். தன் சாய்வே தனக்குத் தெரியாதவர் அதை எப்படித் திருத்துவார்?

இதற்கு ஒரு விளையாட்டுக் கருவி கைகொடுத்தது. 2007 டிசம்பரில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'வீ ஃபிட்' விளையாட்டோடு ஒரு பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்க்க எடை மெஷின் போலத்தான் இருக்கும். நான்கு மூலைகளிலும் பாரத்தை அளக்கும் உணரிகள் உண்டு. எந்த மூலையில் எவ்வளவு பாரம் என்று பார்த்து, உடலின் அழுத்தம் குவியும் இடத்தை அது கணக்கிடும். டிவி திரையில் அந்த இடம் ஒரு புள்ளியாக அசையும்.

ஒரு விளையாட்டில் திரையில் ஒரு தட்டு, அதன் மேல் பந்துகள், நடுவே குழி. பலகையில் நிற்பவர் இடது காலில் பாரம் வைத்தால் தட்டு இடப்பக்கம் சாயும், பந்து உருளும். கொஞ்சம் கூடினாலும் விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும். பந்தைக் குழியில் சேர்க்கும் ஆர்வத்தில், பயந்து ஒதுக்கிய காலிலும் அவர் மெல்லப் பாரம் ஏற்றுகிறார். சலிக்காமல் நூறு முறை செய்கிறார். திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் மூளை புதுப் பாதைகளைப் பழகுகிறது.

100 டாலருக்கும் குறைந்த விலையில் வந்த இந்தப் பலகையை, மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2010இல் ஆய்வுக்கூடத்தின் விலையுயர்ந்த அளவீட்டு மேடையோடு ஒப்பிட்டார்கள். நிற்கும் சமநிலையை அளப்பதில் இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. ஆனால் கடையில் கிடைத்த விளையாட்டுகள் ஆரோக்கியமானவர்களுக்கானவை, வேகம் அதிகம். அதனால் ஸ்பெயினின் வலென்சியாவில், மூளைக் காயம் பட்டவர்களுக்கென்றே, அவரவர் திறனுக்கேற்ப மாற்றக்கூடிய விளையாட்டுகளை இதே பலகைக்கு உருவாக்கினார்கள்.

பலகையில் நிற்பவர் விழுந்துவிடக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். திரையை அணைத்த பிறகும், புள்ளியின் துணையில்லாமல் நோயாளி இரு காலிலும் பாரம் வைத்து நிற்க வேண்டும். குளியலறைப் படியில் கால் வைக்கும்போது அவருக்குத் துணை வரப்போவது அந்தப் பழக்கம்தான்.