யாழ்ப்பாணத்தை இருட்டில் காட்டுவதென்றால் எந்தத் தெருவுக்கு விளக்குப் போடுவது?

நெதர்லாந்தில் எஃப்டலிங் என்றொரு பொழுதுபோக்குப் பூங்கா உண்டு. அங்கே 1986ஆம் ஆண்டு முதல் 'ஃபாத்தா மோர்கானா' என்ற படகுச் சவாரி ஓடுகிறது. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு படகில் ஏறி இருண்ட கட்டடத்துக்குள் நுழைகிறார்கள். உள்ளே ஒரு கிழக்கத்திய நகரம். சந்தை வருகிறது, சிறைக்கூடம் வருகிறது, சுல்தானின் தர்பாரும் ஆடும் பெண்களும் பொக்கிஷ அறையும் வருகின்றன. இயந்திரத்தால் அசையும் பொம்மைகள் தலையைத் திருப்பிப் பார்க்கின்றன. சில நிமிடங்களில் படகு வெளியே வந்துவிடுகிறது.

இந்த வகைச் சவாரியை ஆங்கிலத்தில் 'டார்க் ரைட்' என்பார்கள். இருட்டுச் சவாரி என்று சொல்லிக்கொள்வோம். செய்நேர்த்தியில் எஃப்டலிங்கின் அந்தச் சவாரியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது எந்த நகரம்? பக்தாதுமல்ல, டமஸ்கஸுமல்ல. ஐரோப்பியன் ஒருவன் முஸ்லிம் ஊர் என்றவுடன் மனதில் காணும் ஊர் அது. பல இலட்சம் ஐரோப்பியப் பிள்ளைகள் முதன்முதலில் பார்த்த முஸ்லிம் நகரம் அதுவாகத்தான் இருக்கும் என்பதை நினைத்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. இந்தியாவிலும் இதற்கு ஒரு தம்பி இருக்கிறான். மும்பைக்கும் பூனேக்கும் இடையில், கொபோலியில் 2013இல் திறந்த இமாஜிகா பூங்காவில் அலிபாபாவின் பெயரில் ஒரு சவாரி உண்டு. அதில் பயணிகளின் கையில் விளையாட்டுத் துப்பாக்கி கொடுத்து, தலைப்பாகை கட்டிய திருடர்களைச் சுடச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் நமது தளத்தில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் இன்று பாரம்பரியம் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. புகையிரதம் திரும்பி வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. கோட்டையைப் பார்க்க நாளாந்தம் ஆட்கள் வருகிறார்கள். நாளை யாராவது ஒருவர், புலம்பெயர்ந்த பணக்காரராகவோ சுற்றுலா நிறுவனமாகவோ இருக்கலாம், 'பழைய யாழ்ப்பாணம்' என்று இப்படியொரு சவாரி கட்ட நினைத்தால் அதில் சோனக தெரு இருக்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, சவாரி எப்படி வேலை செய்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

அடிப்படை எளியது. கட்டடம் முழுவதும் இருட்டு. வாகனம் வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு காட்சிக்கு மட்டும் விளக்கு. அடுத்த காட்சி முன்கூட்டியே கண்ணில் படாமல் இருக்கத்தான் அத்தனை வளைவுகள். ஒரு காட்சியின் சத்தம் மற்றதற்குள் கசியாமல் இருக்க நடுவே தடித்த சுவர், திரை, அல்லது வெறும் இருட்டு. நாடக மேடையில் பார்வையாளர் இருக்க, காட்சி மாறும். இங்கே காட்சி இருக்க, பார்வையாளர் மாறுகிறார். எனவே ஒவ்வொரு காட்சியும் ஒரே விடயத்தை முடிவில்லாமல் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்க வேண்டும். கதை நடப்பது பயணியின் தலைக்குள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். யாழ்ப்பாணச் சவாரிக்கு வாகனமாக நான் தெரிவு செய்வது பழைய ஒஸ்டின் காரை. யுத்த காலத்தில் எரிபொருள் இல்லாதபோது மண்ணெண்ணெயில் ஓடி, இந்த ஊரைச் சுமந்த கார் அது. முன்னால் இருவர், பின்னால் இருவர் என்று ஒரு காரில் நால்வர். 15 செக்கனுக்கு ஒரு கார் புறப்பட்டால் நிமிடத்துக்கு 16 பேர், மணித்தியாலத்துக்கு 960 பேர். 40 பிள்ளைகள் கொண்ட ஒரு வகுப்பு இரண்டரை நிமிடத்தில் ஏறி முடிந்துவிடும். கார் நிமிடத்துக்கு 40 மீற்றர் வேகத்தில், அதாவது ஒரு முதியவர் ஆறுதலாக நடக்கும் வேகத்தில் ஓடினால், ஆறு நிமிடத்துக்கு 240 மீற்றர் பாதை தேவை. ஒரே நேரத்தில் உள்ளே 24 கார்கள். ஒரு காருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 10 மீற்றர். ஒரு காட்சிக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான்: 10 மீற்றர், 15 செக்கன்.

15 செக்கனில் எதைச் சொல்லலாம்? ஒன்றைத்தான். இரண்டாவதைச் சேர்த்தால் பிள்ளை இரண்டையும் தவறவிடும். நான்கு வயதுப் பிள்ளையின் கண் மட்டத்தில் முக்கியமான பொருள் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. பெரியவர்களின் உயரத்துக்கு அமைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கென்று சொல்லும் அருங்காட்சியகங்கள் நம் நாட்டில் நிறைய. (மின்சாரத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. இருட்டுச் சவாரி நடுவழியில் நின்று உண்மையான இருட்டானால் பயணிகளை இறக்கி நடத்திக் கூட்டிவர, தனி விளக்கும் தனி வழியும் கட்டாயம் வேண்டும்.)

உண்மையான நகரம் ஒன்றைச் சவாரியாக்கிய நல்ல உதாரணம் இங்கிலாந்தின் யோர்க் நகரில் இருக்கிறது. அங்கே கொப்பர்கேட் என்ற இடத்தில் 1976 முதல் 1981 வரை தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய வைக்கிங் காலத் தெரு வெளிப்பட்டது. தோண்டிய அதே இடத்திலேயே 1984இல் யோர்விக் நிலையத்தைத் திறந்தார்கள். பயணி சிறு வாகனத்தில் அமர்ந்து அந்தத் தெருவுக்குள் போகிறார். அங்குள்ள உருவங்கள் பழைய நோர்ஸ் மொழியில் பேசுகின்றன. மீன், தோல், மலசலகூடம் என்று தெருவின் நாற்றங்களையும் விட்டுவைக்கவில்லை. ராஜாவும் போரும் அங்கே முக்கியமில்லை. மரவேலைக்காரர், தோல் வேலைக்காரர், மீன் விற்பவர் ஆகியோர்தான் முக்கியம். அவர்கள் விட்டுச்சென்ற பொருட்கள்தானே மண்ணுக்குள் கிடைத்தன! 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய பிறகும் அதைத் திருத்தி 2017இல் மீண்டும் திறந்தார்கள்.

நமது தெருவில் அப்படி யார் இருந்தார்கள்? ஒட்டுமடம், ஐந்துசந்தி என்று சொன்னவுடன் முதியவர்களுக்குத் தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்கும். தையற்காரர்கள், நகை வியாபாரிகள், இரும்புக் கடைக்காரர்கள், இறைச்சிக் கடைக்காரர்கள், லொறிச் சொந்தக்காரர்கள். யாழ்ப்பாணத்தார் கலியாணத்துக்குப் போட்ட உடுப்பும் வீடு கட்ட வாங்கிய இரும்பும் பெரும்பாலும் இந்தத் தெருக்களைத் தொட்டுத்தான் போயின. 1950களில் எம்.எம். சுல்தான் இந்த நகரத்தின் மேயராகவும் இருந்திருக்கிறார்.

எனது தரம் 8 மாணவர்களிடம் ஒருமுறை சப்பாத்துப் பெட்டிக்குள் இருட்டுச் சவாரி செய்யச் சொன்னேன். பெட்டியின் ஒரு பக்கத்தில் பார்க்க ஒரு துளை, மேலே டோர்ச் வெளிச்சம் விழ ஒரு துளை, உள்ளே மட்டையில் வெட்டிய காட்சி. தலைப்பு 'பழைய யாழ்ப்பாணம்'. நல்லூர்க் கோபுரம் வந்தது, கோட்டை வந்தது, 1981இல் எரிந்த நூலகம் வந்தது, மணிக்கூட்டுக் கோபுரமும் பனைமரமும் கணக்கில்லாமல் வந்தன. ஒரு பெட்டிக்குள்ளும் சோனக தெரு இல்லை. முஸ்லிம் பிள்ளைகளின் பெட்டிகளிலும் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. பாடப்புத்தகத்தில் பார்த்ததையும் நாட்காட்டியில் பார்த்ததையும் செய்தார்கள். அதுதான் எனக்குக் கவலை தருவது. சவாரி கட்டுபவரும் இதே வழியில்தான் தெரிவு செய்வார்.

உருவங்கள் வைப்பது பற்றி நம்மவர்களிடையே தயக்கம் வரும். அது நியாயமான தயக்கம், ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. ஆனால் இருட்டுச் சவாரிக்கு முழு உருவம் கட்டாயமல்ல. யன்னல் திரைக்குப் பின்னால் தையற்காரரின் நிழல் போதும், இயந்திரத்தின் சக்கரம் மட்டும் சுற்றட்டும். மம்லூக்கியர் கால எகிப்தில் இப்னு தானியல் நிழற்கூத்துக்கு நாடகங்களே எழுதியிருக்கிறார். இயந்திரப் பொம்மைகளும் மேற்கிலிருந்து வந்த புதுமையல்ல. 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் தானியங்கிக் கருவிகளைப் பற்றி நூல் எழுதினார்கள். அல்-ஜஸரி 1206இல் முடித்த நூலில் யானைக் கடிகாரத்தின் அமைப்பை விவரித்திருக்கிறார். டுபாயின் இப்னு பதூதா வணிக வளாகத்தில் அதன் பெரிய மாதிரி ஒன்று நிற்கிறது, போனவர்கள் கண்டிருப்பீர்கள்.

அந்த இப்னு பதூதாவே நமது சவாரிக்கு நல்ல நுழைவாசல். 1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்குப் புறப்பட்ட அவரது கப்பல் இலங்கைக் கரையில் ஒதுங்கியது. அவர் 'பத்தாலா' என்று எழுதிய இடம் புத்தளம் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசரான ஆரியச்சக்கரவர்த்தி. அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியது. அவர் முன்னால் முத்துக்கள் குவிந்திருந்தன, கரையில் கறுவா மரங்கள் கிடந்தன. பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று விருந்தாளி கேட்டதும் பல்லக்கும், துணைக்கு நான்கு யோகிகளும் மூன்று பிராமணரும் கொடுத்து அனுப்பினார். ஒரு தமிழ் அரசர், ஒரு முஸ்லிம் பயணி, நடுவில் முத்துக் குவியல். 15 செக்கனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கற்பனைச் சுல்தானும் வேண்டாம், ஆடும் பெண்களும் வேண்டாம்.

அங்கிருந்து கார் வளைந்து நகரத்துக்குள் வரட்டும். கோட்டை, துறைமுகம், சந்தை, கோயில் மணி, தேவாலய மணி. பிறகு நோன்பு காலத்துப் பின்னிரவு. தெரு முழுக்க இருட்டு, றபான் அடித்து சஹருக்கு எழுப்பும் பாவாவின் குரல் தூரத்திலிருந்து நெருங்கி வர, ஒவ்வொரு யன்னலாக வெளிச்சம் பற்றிக்கொள்கிறது. இருட்டுச் சவாரிக்கென்றே செய்த காட்சி இது. பொம்மை ஒன்றுகூடத் தேவையில்லை. அடுத்து நோன்புக் கஞ்சியின் வாசம். யோர்க்கில் மலசலகூட நாற்றம் போட முடிந்தவர்களுக்கு இஞ்சியும் பூண்டும் தேங்காய்ப் பாலும் போட முடியாதா!

இனிக் கடினமான வளைவு. 1990 ஒக்டோபர் 30. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்ன நாள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். குடும்பச் சவாரியில் இது தேவையா, பிள்ளைகள் பயப்பட மாட்டார்களா என்பார்கள்.

டோக்கியோ டிஸ்னிசீயில் 2001இல் தொடங்கிய சிந்துபாத் சவாரியின் அனுபவம் இங்கே உதவும். கதையில் சிந்துபாத் வந்து சேரும் செரண்டிப் நம் நாடுதான் என்பதால் அவர் நமக்கும் கொஞ்சம் சொந்தக்காரர். முதலில் அந்தச் சவாரி இருண்டதாக, ஆபத்துகள் நிறைந்ததாக இருந்தது. 2007இல் அதைத் திருத்தி, சிறுவர் விரும்பும் வகையில் பாட்டும் ஒரு புலிக்குட்டித் தோழனும் சேர்த்தார்கள். ராட்சதனும் பெரும் பறவையும் காணாமற் போகவில்லை, அவற்றைக் காட்டிய விதம்தான் மாறியது. எனவே வெட்டி எறிவது ஒன்றே வழியல்ல.

1990இன் காட்சியில் எனக்குத் துப்பாக்கி வேண்டாம். அழும் முகமும் வேண்டாம். முன்பு நாம் கடந்துபோன அதே தெருவுக்குள் கார் மறுபடியும் வரட்டும், ஆனால் இம்முறை பகல். ஒலிபெருக்கியின் கரகரப்பு, சொற்கள் தெளிவில்லாமல். தையல் இயந்திரத்தில் பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டை ஊசியின் கீழ் அப்படியே இருக்கிறது. சக்கரம் நின்றுவிட்டது. அடுப்பில் பானை. திறந்த கதவு. பக்கத்து வீட்டு வேலியில் ஒரு தமிழ்ப் பெண்ணின் கை, போகிறவர்களை நோக்கி ஒரு தண்ணீர்ப் போத்தலை நீட்டியபடி. அயலவர்கள் பலர் கலங்கி நின்றார்கள் என்பதும் உண்மைதான், அதையும் அந்தப் 15 செக்கனுக்குள் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளை இதைப் பார்த்துப் பயப்படாது. "உம்மா, இவங்க எல்லாம் எங்க போயிட்டாங்க?" என்று கேட்கும். பதிலைச் சொல்ல வேண்டியவர் பக்கத்து ஆசனத்தில் இருக்கிறார்.

போனவர்களில் பெருந்தொகையினர் சேர்ந்த இடம் புத்தளம். இப்னு பதூதா இறங்கிய அதே கரை, 646 வருடத்துக்குப் பிறகு. சவாரியின் பாதை வட்டமாக வந்து தொடக்கக் காட்சியின் சுவருக்குப் பின்னாலேயே இதை வைக்கலாம்: தென்னோலைக் கொட்டில்கள், ஒரு லாம்பு.

இப்படியொரு சவாரிக்கு இன்று பணமுமில்லை, காணியுமில்லை, கேட்பாருமில்லை. ஆனால் அதற்கு வேண்டிய சரக்கைச் சேர்க்க எதுவும் தடையில்லை. பழைய தெருவில் எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதைத் தாண்டியிருக்கிறார்கள். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள், திரும்பி வந்தவர்களில் சிலர் ஒட்டுமடத்திலும் இருக்கிறார்கள். ஒரு வெள்ளைத் தாளில் ஐந்துசந்தியைக் குறித்துக் கொடுத்து, மிச்சத்தை வரையச் சொல்லுங்கள். சஹர் நேரப் பாட்டின் மெட்டைக் கைபேசியில் பதியுங்கள். கஞ்சியில் என்னென்ன எந்த அளவில் போட்டார்கள் என்று மூத்தம்மாவிடம் கேட்டு எழுதிவையுங்கள். எனது வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த தவணையில் அதே சப்பாத்துப் பெட்டியை மறுபடியும் கொடுக்கப் போகிறேன். இம்முறை முதலில் ஒரு முதியவரிடம் கேட்டுவிட்டுத்தான் மட்டையை வெட்ட வேண்டும்.